தரச்சான்று பெற்ற உடம்பு

ஒரு நாட்டின் மானம் அந்த நாட்டு நாற்காலியில்தான் இருக்கிறது என்று தேசியத் தர நிர்ணய அலுவலகம் நெடுங்காலமாக நம்பி வந்தது. நம்முடைய நாற்காலியில் ஒரு வெளிநாட்டுக்காரர் உட்கார்ந்து, அது உடைந்து, அவர் தரையில் விழுந்தால், நாற்காலி செய்தவரை மட்டும் திட்டிவிட்டு விடமாட்டார். நம் எல்லோரையும் சேர்த்துத்தான் திட்டுவார். ஆகவே ஏற்றுமதிக்குப் போகிற ஒவ்வொரு நாற்காலி வகையின் மேலும் எண்பது கிலோ பாரத்தை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, தாங்குகிறதா என்று பார்த்துச் சான்று கொடுக்க ஒரு சோதனைக்கூடம் கட்டப்பட்டது. பெயர்ப்பலகை வந்தது, அமைச்சர் வந்து ரிப்பனை வெட்டினார், வாசலில் செடி நட்டார்கள். பாரம் வைக்கிற இயந்திரம் மட்டும் வரவில்லை.

வரவில்லை என்று சொல்வதும் நியாயமில்லை. துறைமுகம் வரை வந்துவிட்டது. இறக்குமதி இயந்திரத்துக்குத் தரச்சான்று வேண்டும் என்று சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சான்றைக் கொடுக்கிற அதிகாரம் இதே தர நிர்ணய அலுவலகத்துக்குத்தான் இருந்தது. அலுவலகம், இயந்திரத்தைக் கூடத்தில் வைத்துச் சோதிக்காமல் சான்று தர இயலாது என்று எழுதியது. சுங்கம், சான்றைப் பார்க்காமல் இயந்திரத்தை வெளியே விட இயலாது என்று எழுதியது. இரண்டு தரப்பும் விதிப்படி நடந்துகொண்டதால் யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை. புத்தாண்டுக்கு வாழ்த்து அட்டைகூட அனுப்பிக்கொண்டார்கள்.

இதற்குள் நாற்காலித் தொழிற்சாலைக்காரர்கள் வாசலில் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். அதுவும் சான்று இல்லாத நாற்காலிகளைக் கூடவே கொண்டுவந்து உட்கார்ந்தது அலுவலகத்துக்குத் தர்மசங்கடமாக இருந்தது. அவசரக் கூட்டம் போட்டார்கள். விதிகளைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயரெடுத்த துணை இயக்குநர் அம்மாள் ஒரு யோசனை சொன்னார். விதியில் 'எண்பது கிலோ பாரம்' என்றுதான் இருக்கிறது, 'உயிரில்லாத பாரம்' என்று எங்கேயும் இல்லை. மறுநாள் காலை ஊழியர்கள் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து எடை பார்த்தார்கள்.

பதிவறைக்காரர் அந்த வரிசையில் நின்றபோது ஏதோ இலவச மருத்துவ முகாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பழைய கோப்புகளைக் கட்டி அடுக்குவதும் கேட்டால் எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. யார் வம்புக்கும் போகாத மனிதர். தராசில் ஏறி நின்றார். முள் எண்பதில் போய் அசையாமல் நின்றது. இயக்குநர் தன் இருக்கையை விட்டு எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷ சர்வீஸில் இயக்குநர் அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. அதனால் அன்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

'தற்காலிக ஏற்பாடு' என்றுதான் உத்தரவில் போட்டிருந்தது. அரசாங்கத்தில் தற்காலிகம் என்று ஆரம்பித்ததெல்லாம் எத்தனை ஆட்சி மாறினாலும் அசையாது என்பது நமக்குத் தெரியும், பதிவறைக்காரருக்கும் தெரியும். இருந்தாலும் பாராட்டில் கொஞ்சம் மயங்கிவிட்டார். காலையில் வந்ததும் பின்கட்டுக் கூடத்துக்குப் போவார். வரிசையாக நாற்காலிகள் நிற்கும். உட்கார வேண்டும், எழுந்திருக்க வேண்டும், உட்கார வேண்டும், எழுந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பரிசோதகர் எண்ணிக்கொண்டே இருப்பார். எண்ணிக்கை தவறிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அவருக்கு அடிக்கடி தவறும்.

சில மாதங்களில் வலது முட்டியிலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. பரிசோதகர் குனிந்து காது கொடுத்துக் கேட்பார். சத்தம் நாற்காலியுடையது இல்லை, மனிதருடையதுதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு நிம்மதியாகச் சான்று எழுதுவார்.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டிலிருந்து அங்கீகாரக் குழு வந்தது. சோதனைக்கூடம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து, உலகச் சந்தையில் அதன் சான்று செல்லும் என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஒல்லியாக ஒரு அம்மையார், கழுத்துப்பட்டி கட்டிய ஒரு கனவான். சோதனைக்கு வைக்கிற ஆதார எடை எங்கே என்று கேட்டார்கள். இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பதிவறைக்காரரைக் காட்டினார். அலுவலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த அம்மையார் பதிவறைக்காரரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதற்குச் சான்று எங்கே என்று மட்டும் கேட்டார். எடை ஒரு மனிதராக இருப்பதில் அவருக்கு ஆட்சேபணையே இல்லை. சான்றில்லாமல் இருப்பதுதான் அவரை உலுக்கிவிட்டது.

காபி வருவதற்குள் சான்று தயாராகிவிட்டது. இன்னார் எண்பது கிலோ எடையுள்ளவர் என்று இதனால் உறுதியளிக்கப்படுகிறது, இந்த ஆதார எடையைப் பிரிக்கவோ பழுதுபார்க்கவோ மாற்றியமைக்கவோ கூடாது, ஈரம் படாத இடத்தில் வைக்கவும். கீழே இயக்குநரின் கையெழுத்து. சின்னதாக ஒரு தகரவில்லையில் முத்திரை குத்தி அவர் கழுத்தில் தொங்கவிட்டார்கள். குழுவுக்கு மகா திருப்தி. அங்கீகாரம் கிடைத்தது. சர்வதேச அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரே எடை இந்த நாட்டில் பதிவறைக்காரர்தான் என்று ஆயிற்று. அன்றிலிருந்து மழை பெய்தால் அவரை வீட்டில் விட ஜீப் வந்தது. முடி வெட்டிக்கொள்ள வேண்டுமானால் முன் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

முட்டி மட்டும் எந்த அங்கீகாரத்தையும் மதிக்கவில்லை. அவர் வீடு இரண்டாம் மாடி. படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவார். கடைசியில் அவர் மனைவி பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் உட்கார வைத்தார். எலும்பு டாக்டர் நல்ல பருமனான மனிதர், சுழல் நாற்காலி முழுக்க நிறைந்திருந்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"முட்டி தேய்ஞ்சு போச்சு. மாத்தித்தான் ஆகணும். ஆனா இந்த எடையில நான் கை வைக்க மாட்டேன். பத்து கிலோ குறைச்சுட்டு வாங்க. ரொம்ப நாள் தள்ளிப் போட்டீங்கன்னா கால் மடங்கினபடியே நின்னுடும், அப்புறம் என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

மடங்கிய காலோடு மீதி வாழ்நாளை ஓட்டுவதை நினைத்தாலே பதிவறைக்காரருக்குப் பயமாக இருந்தது. அலுவலகத்தைப் பற்றி அப்போது அவர் யோசிக்கவே இல்லை, அதில் தப்பும் இல்லை.

மனைவி வீட்டிலேயே தையல் கடை வைத்திருந்தார். கணவருடைய சாப்பாட்டையும் துணியைப் போலவே வெட்டிவிட்டார். எண்ணெய் கிடையாது, இனிப்பு கிடையாது, வேகவைத்த காய், அதற்கு மேல் வேகவைத்த காய். மூன்று மாதத்தில் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. மனைவி இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போன அன்றுதான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆதார எடையைச் சரிபார்க்கிற நாள். தராசில் ஏறினார். முள் எழுபதில் நின்றது.

இயக்குநர் அறையில் கூட்டம் கூடியது. எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை. பதிவறைக்காரர் தன்னால் இத்தனை பேருக்குச் சிரமம் வந்துவிட்டதே என்று கூசிப்போய், உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழுந்து நின்றார்.

"சார், தராசு மேல தப்பில்ல. நான்தான் இளைச்சுட்டேன்."

"இருங்க. உங்க சான்றுல என்ன போட்டிருக்கு?" என்றார் இயக்குநர்.

"எண்பது கிலோன்னு சார்."

"கையெழுத்து யாரோடது?"

"உங்களோடதுதான் சார்."

இயக்குநர் துணை இயக்குநரைப் பார்த்தார். "இந்தத் தராசுக்குச் சான்று இருக்கா?"

"போன வருஷமே காலாவதி ஆயிடுச்சு சார்."

"அப்போ காலாவதியான தராசோட பேச்சைக் கேட்டுக்கிட்டு, உலகமே ஒத்துக்கிட்ட ஆளைச் சந்தேகப்படணுமா?"

கூட்டம் பெருமூச்சு விட்டது. பதிவறைக்காரர் மறுபடி வாயைத் திறந்தார். உடம்பைப் பற்றிய அவருடைய சொந்த அபிப்பிராயத்தைக் கூட்டக் குறிப்பில் ஏற்ற முடியாது என்று துணை இயக்குநர் மரியாதையாகவே சொன்னார். ஒரு மெக்கானிக் வந்து தராசின் திருகைத் திருப்பினார். பதிவறைக்காரரை நிற்க வைத்து, முள் எண்பதுக்கு வரும்வரை திருப்பிக்கொண்டே இருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த அலுவலகத்துத் தராசுதான் தேசியத் தராசு, அது எதைக் காட்டுகிறதோ அதைத்தான் நாட்டிலுள்ள எல்லாத் தராசும் காட்ட வேண்டும் என்பது சட்டம். முத்திரை ஆய்வாளர்கள் திருகாணியோடு ஊர் ஊராகக் கிளம்பினார்கள். மளிகைக் கடை, காய்கறிக் கடை, மருந்துக்கடை வாசலில் காசு போட்டு எடை பார்க்கிற மெஷின், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் திருகைத் திருப்பி வில்லை ஒட்டிவிட்டுப் போனார்கள். கடமையில் இவ்வளவு சுறுசுறுப்பை அந்த அலுவலகம் அதற்கு முன்னால் காட்டியதில்லை.

பதிவறைக்காரர் பிடித்துத் தைத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, வெற்றி வீரரைப் போல டாக்டர் முன்னால் போய் நின்றார். டாக்டர் மெஷினைக் காட்டினார். ஏறினார். எண்பது.

"ஒரு கிராம்கூடக் குறையலையே. என்ன பண்ணிட்டிருந்தீங்க இவ்வளவு நாளா?"

மனைவி குறுக்கிட்டு, கால்சட்டையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்ததைச் சொன்னார். தையலை மடித்துக்கூடக் காட்டினார். தையலை நம்பித் தன்னால் கத்தியை எடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதிரே நிற்கிற மனிதர் கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிய நின்றார். டாக்டர் மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மனைவி நாலடி முன்னாலேயே நடந்தார். கணவர் அலுவலகக் கேண்டீனில் திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது. பதிவறைக்காரருக்கு அதுதான் முட்டியை விட அதிகமாக வலித்தது.

அடுத்த மூன்று மாதமும் பட்டினி கிடந்தார். சரிபார்க்கிற நாள் வந்தது, முள் இறங்கியது, திருகைத் திருப்பினார்கள், ஆய்வாளர்கள் கிளம்பினார்கள். டாக்டரிடம் போனால் எண்பது. எலும்பும் தோலுமாக ஆனாலும் அவர் எண்பது கிலோதான் இருப்பார் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

நாட்டில் இதற்குள் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் திடீரென்று எடை ஏறியிருந்தது. மருந்துக்கடை மெஷினில் ஏறி இறங்கியவர்கள் பேயறைந்த மாதிரி வீட்டுக்குப் போனார்கள். மக்கள் கண்டபடி தின்கிறார்கள் என்று பத்திரிகைகள் தலையங்கம் எழுதின. இளைப்பது பெரிய நாகரிகமாகிவிட்டது. விடியற்காலையில் தெருத்தெருவாகக் கையை வீசிக்கொண்டு கூட்டம் நடந்தது. பச்சை நிறத்தில் என்னத்தையோ அரைத்துப் பாட்டிலில் ஊற்றிக் குடித்தார்கள். தட்டையே சின்னதாக்கி, அதற்கு இரட்டை விலை வைத்து விற்ற ஒருவர் மாளிகை கட்டிவிட்டார். கடையில் ஒரு கிலோ என்று வாங்கி வருகிற அரிசி முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோவதைச் சிலர் கவனித்தார்கள். அதற்கும் தங்கள் பெருந்தீனிதான் காரணம் என்று நினைத்து வெட்கப்பட்டு வெளியே சொல்லவில்லை.

நாற்காலிக்காரர்களுக்கு மட்டும் கொண்டாட்டம். எந்த நாற்காலியைக் கொண்டுவந்தாலும் பதிவறைக்காரர் உட்கார்ந்தால் தாங்கியது. ஏற்றுமதி ஏறியது, இயக்குநருக்குப் பதக்கம் கிடைத்தது. பதிவறைக்காரர் அந்தப் பதக்கம் குத்திய சட்டைக்கு முன்னால் போய் நின்று, தன்னை விட்டுவிடும்படி கேட்டார். இரண்டே வாக்கியம்தான் பேசினார். தன் கால் போய்விடும் என்றார், தனக்குப் பதிலாக ஓர் இரும்புக் கட்டியை வைத்துக்கொள்ளலாமே என்றார்.

இயக்குநர் கனிவான மனிதர். அவரை உட்காரச் சொன்னார். உட்காருவதுதான் பிரச்சினை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"காலு உங்களோடதுதான், அதுல நாங்க தலையிட மாட்டோம். எடை மட்டும்தான் அரசாங்கத்தோடது. ஆனா ரெண்டையும் பிரிக்கக் கூடாதுன்னு சான்றுல போட்டிருக்கே, நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க."

அன்று வீட்டுக்கு வந்து, தையல் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பதிவறைக்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். தராசைத் திருப்பியது, டாக்டர் மெஷினைத் திருப்பியது, ஊரையே திருப்பியது. மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் ஆத்திரம் வந்தது. கணவரைச் சந்தேகப்பட்டதற்கு அழுகையும் வந்தது. மறுநாளிலிருந்து அளவு கொடுக்க வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் நாட்டில் நடக்கிற அக்கிரமத்தைச் சொல்ல ஆரம்பித்தார். நான்கு பேருக்குத் தெரிந்தால் அலுவலகம் நாறிவிடும், வேறு வழியில்லாமல் இவரை விட்டுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

வங்கியில் வேலை பார்க்கிற ஒரு வாடிக்கையாளர் மட்டும் கதையைக் கடைசி வரை கவனமாகக் கேட்டார்.

"அப்போ அவர் இளைச்சா நமக்கெல்லாம் எடை ஏறுது. சரிதானே?"

"ஆமாம், அதைத்தான் சொல்றேன்."

"அப்போ அவர் குண்டானா?"

மனைவி அளவு நாடாவைச் சுருட்டி வைத்தார்.

இரண்டாம் நாளே வாசலில் முதல் சாப்பாட்டுப் பாத்திரம் வந்து உட்கார்ந்தது. மறுநாள் நான்கு. அந்த வாரக் கடைசியில் மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. கேக், முந்திரி, நெய், வறுத்தது, பொரித்தது. அலுவலகத்தை யாரும் திட்டவில்லை. தராசைப் பழையபடி சரி செய்யுங்கள் என்று ஓர் ஆள்கூடக் கேட்கவில்லை. 'எங்களுக்காகச் சாப்பிடுங்க' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். விடியற்காலை நடைக்கூட்டம் வழியை மாற்றிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்று கும்பிட்டுவிட்டுப் போனது. நாற்காலித் தொழிற்சாலைக்காரர்கள் தொழில் கெட்டுவிடும் என்று முதலில் எதிர்த்தார்கள். வீட்டுக்குப் போய் மனைவிமாரிடம் பேசிவிட்டு வந்தபின் அவர்களும் ஒரு கூடைப் பழம் வைத்தார்கள். அமைச்சகத்திலிருந்து 'ஆதார எடைப் பராமரிப்புப் படி' என்று ஊட்டச்சத்துக்குத் தனிப்பணம் ஒதுக்கி உத்தரவு வந்தது.

பதிவறைக்காரர் எதையும் தொடவில்லை. அவருக்குப் பிடிவாதம் என்று ஒன்று உண்டு என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. மனைவி துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விரட்டினார். 'என் வீட்டுக்காரர் காலுக்கு உங்கள்ல யாரு பொறுப்பு?' என்று படியில் நின்று அவர் கேட்டார். உள்ளே கட்டிலில் காலை நீட்டியிருந்த மனிதருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஊரே எதிரே நின்றாலும் தனக்காக ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரே வந்தார். இரண்டு மாடி ஏறியதில் அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. முட்டியைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று பதிவறைக்காரர் கால்சட்டையைச் சுருட்டிக் காட்டினார். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பெரிய டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"கால் இப்போதைக்குத் தாங்கும்னு தோணுது. ஆபரேஷனை அடுத்த வருஷம் வச்சுக்கலாம்." கதவு பக்கம் பார்த்துக்கொண்டார். "எனக்கும் இன்ஷூரன்ஸ்ல எடை பார்க்கிறாங்க. வர்ற மாசம்."

மனைவி அந்த டப்பாவையும் டாக்டரையும் சேர்த்தே வெளியே அனுப்பினார். அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

சரிபார்க்கிற நாளுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. அதற்குப் பிறகு வேலையை விட்டுவிடுவது, நகரத்துக்கு வெளியே வேறு டாக்டரைப் பார்ப்பது, கண்ணால் பார்த்து எடை சொல்கிற யாராவது கிடைப்பார்களா என்று தேடுவது என்று இரண்டு பேரும் பேசி முடித்திருந்தார்கள். அந்த வாரம் மனைவியின் தங்கை மகளுக்கு நிச்சயம் பேசினார்கள். குடும்பமாகப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். மனைவி மருந்துக்கடைக்குப் போய்க் காசு போட்டு எடை பார்த்துவிட்டு வந்தார்.

வந்தவர் நேராகச் சமையலறைக்குள் போனார். வெகுநேரம் பாத்திரச் சத்தம் கேட்டது. அந்தச் சமையலறையிலிருந்து மாதக்கணக்காக வராத நெய் வாசனை வந்தது. பதிவறைக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். மனைவி ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் மடிக்கு எதிரே ஸ்டூல் மேல் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏம்மா, இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"என் காலு?"

மனைவி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "காலு எங்கங்க ஓடிப் போகப் போகுது? ஒரு நாலு கிலோ, அவ்வளவுதான். அப்புறம் பார்த்துக்கலாம்."

பதிவறைக்காரர் மடங்கிய காலைக் கையால் தூக்கி ஒரு பக்கமாக வைத்துவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.